எந்த ஔவை, எந்த ராஜகோபாலாச்சாரி?

ஐயா, வணக்கம்.

தருமபுரிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ‘நம் மண்ணோடு தொடர்புடைய பெரியவர்கள்’ என்று ஒரு கையேடு தயாரிக்கிறார்கள். முதல் படியைத் திருத்த உட்கார்ந்தேன், மூன்று இடங்களில் பேனா நின்றுவிட்டது. அதியமான் கொடுத்த நெல்லிக்கனியைச் சாப்பிட்ட ஔவையார் பிறகு ஆத்திசூடி பாடினார் என்கிறாள் ஒருத்தி. தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி திருவிதாங்கூர் திவானாக இருந்தார் என்கிறான் ஒருவன். பாப்பாரப்பட்டியில் மறைந்த சுப்பிரமணிய சிவா சினிமாப் படங்களும் இயக்கினார் என்று இன்னொரு பக்கம். மூன்றுமே பெயர்க் குழப்பம் என்று தெரிகிறது. ‘தப்பு’ என்று அடித்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. எப்படிக் கண்டுபிடிப்பது என்று காட்ட ஆசை. வழி சொல்வீர்களா?

ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முதலில் ஔவையை எடுத்துக்கொள்வோம். அங்கே சாட்சி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆத்திசூடியைப் போலவே ஔவையார் பெயரில் வழங்கும் நல்வழியின் 40ஆம் வெண்பாவை அந்த மாணவியை வகுப்பில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்:

தேவர் குறளும் திருநான் மறைமுடிவும்
மூவர் தமிழும் முனிமொழியும் – கோவை
திருவா சகமும் திருமூலர் சொல்லும்
ஒருவா சகமென் றுணர்.

மூவர் தமிழ் என்றால் தேவாரம். சம்பந்தரும் அப்பரும் 7ஆம் நூற்றாண்டுக்காரர்கள். திருவாசகம் அதற்கும் பிந்தியது. இவற்றையெல்லாம் படித்து முடித்த ஒருவர்தான் இந்த வெண்பாவை எழுதியிருக்க முடியும். அவர் எப்படிச் சங்க காலத்து அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியிருப்பார்? ஆத்திசூடிக்கும் இதே கேள்வி பொருந்தும். அதன் கடவுள் வாழ்த்து விநாயகரைத் தொழுகிறது. சங்கப் பாடல்களில் விநாயக வழிபாடே கிடையாது.

நெல்லிக்கனி வாங்கிய ஔவையை அவருடைய சொந்தப் பாட்டிலேயே பார்க்கலாம். புறநானூறு 91இல் ‘சிறியிலை நெல்லித் தீங்கனி’ என்று அவரே சொல்கிறார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனது 95ஆம் பாட்டு. அவன் இறந்தபின் பாடிய 235இல், கொஞ்சம் கள் கிடைத்தால் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று அழுகிறார். சங்க நூல்களில் இவர் பெயரில் 59 பாடல்கள் நிற்கின்றன: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. மொத்தம் எத்தனை ஔவையார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். பிள்ளைகள் அந்த எண்ணில் இறங்க வேண்டாம். ‘சங்க கால ஔவையார்’, ‘நீதிநூல் ஔவையார்’ என்று எழுதினால் போதும், இரண்டும் ஒட்டாது.

இப்படி அடைமொழி சேர்த்துப் பிரிப்பது நம் பழைய வழக்கம். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கும் இதே சிக்கல் வந்திருக்கிறது. சோழர்களில் கிள்ளிவளவன் இரண்டு பேர். பாண்டியர்களில் நன்மாறனும் இரண்டு பேர். என்ன செய்தார்கள்? இறந்த இடத்தைப் பெயரோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். புலவர்களுக்கு ஊரையும் தொழிலையும் தகப்பன் பெயரையும் வைத்தார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்றால் மதுரையில் துணி விற்றவர். சாத்தனார் என்று பலர் இருந்ததால் சீத்தலை, உறையூர், ஒக்கூர் என்று ஊரெல்லாம் முன்னால் வந்து நிற்கிறது. அதிலும் ஒக்கூரில் மாசாத்தனாரும் உண்டு, மாசாத்தியாரும் உண்டு. கடைசி எழுத்துகளை விழுங்கினால் பெண்பாற் புலவர் ஒருவர் காணாமல் போய்விடுவார். தகடூர் என்ற உங்கள் தருமபுரியின் பழைய பெயரே ஒரு சேர மன்னனை அடையாளம் காட்டுகிறது: தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை, பதிற்றுப்பத்தில் அரிசில் கிழார் பாடிய எட்டாம் பத்தின் தலைவன். வினாடி வினாத் தாளில் இடம் போதவில்லை என்று இந்த அடைமொழிகளை வெட்டுகிறார்கள் பாருங்கள், குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

நடுகல்லிலும் இதே ஒழுங்குதான். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கல்லில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த அரசன், அவனுடைய எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், எந்தத் தொறுப் பூசலில் (ஆநிரைச் சண்டையில்) பட்டான் என்று வரிசையாக வரும். செத்தவன் பெயர் தனியாக நிற்காது. அரசன் பெயரிலும் கவனம் வேண்டும். பல்லவர்களில் மகேந்திரவர்மன் ஒருவன் அல்ல. ஆட்சியாண்டு பெரிய எண்ணாக இருந்தால் அது முதலாம் மகேந்திரன். இரண்டாமவன் ஆண்டதே சில ஆண்டுகள்தான்.

பிரிப்பதற்கு ஒரே ஒரு முரண் போதும். இரண்டு குறிப்புகளை ஒரே ஆளுடையவை என்று சேர்ப்பதற்கோ, பெயர் தவிர இரண்டு பொருத்தங்களாவது வேண்டும். இதற்கும் அதியமானே நல்ல பாடம். அதியமான் என்பது குலப்பெயர். நாமக்கல் குகைக் கோயிலை எடுப்பித்த 8ஆம் நூற்றாண்டு மன்னனும் அதியன்தான், மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் தகடூரை ஆண்ட விடுகாதழகிய பெருமாளும் அதியமான்தான். ஆகவே ‘அதியமான்’ என்று மட்டும் எழுதினால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எங்கே வேண்டுமானாலும் போய் விழும். 1981இல் திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’, அதாவது அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம். இங்கே குலம், சிறப்புப் பெயர், இயற்பெயர் மூன்றும் சங்கப் பாட்டோடு பொருந்துகின்றன. எழுத்தின் காலமும் ஒத்துவருகிறது. இடமும் அப்படியே: அவன் கோவலூரை (இன்றைய திருக்கோவிலூரை) அழித்ததைப் புறநானூறு 99இல் ஔவை பாடுகிறார், ஜம்பையும் அந்தக் கோவலூர்ப் பக்கம்தான். இவ்வளவு சேர்ந்தபின்தான் பாட்டில் வரும் அஞ்சியும் கல்லில் வரும் அஞ்சியும் ஒருவனே என்று சொல்கிறோம்.

இனி ராஜகோபாலாச்சாரி. திருவிதாங்கூர் திவானாக இருந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி. பி. என்பது பெருங்காவூர். 1862இல் பிறந்தவர். முதலில் கொச்சியில் திவான், பிறகு 1914 வரை திருவிதாங்கூரில். 1920இல் சென்னைச் சட்டமன்றத்தின் முதல் தலைவரானார். 1927இல் மறைந்தார். ராஜாஜி 1878 டிசம்பர் 10 அன்று தொரப்பள்ளியில் பிறந்த சி. ராஜகோபாலாச்சாரி. 1937இல் சென்னை மாகாணப் பிரதமர், 1948 முதல் 1950 வரை கவர்னர் ஜெனரல், 1952 முதல் 1954 வரை முதலமைச்சர், மறைவு 1972 டிசம்பர் 25. அந்த மாணவனிடம் 1921ஆம் ஆண்டின் கடைசியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் சட்டமன்றத்தில் தலைவர் நாற்காலியில் இருக்கிறார், மற்றவர் ஒத்துழையாமை இயக்கத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருக்கிறார். சட்டமன்றம், சென்னை, ராஜகோபாலாச்சாரி ஆகிய மூன்று சொற்களும் இரண்டு வாழ்க்கையிலும் வருவதால்தான் இந்தத் தவறு இவ்வளவு எளிதாக நடக்கிறது.

ஊர் விஷயத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. பழைய நூல்களில் ராஜாஜி பிறந்தது சேலம் மாவட்டம் என்றிருக்கும், இடைக்கால நூல்களில் தருமபுரி மாவட்டம், இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். ஆள் மூன்றல்ல, மாவட்டம்தான் பிரிந்தது. சேலத்திலிருந்து தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றும், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்றும் பிரிந்தன. ‘இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொரப்பள்ளி’ என்று எழுதுவது சரி.

சிவா விஷயம் சுருக்கமானது. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1884இல் வத்தலக்குண்டில் பிறந்து 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மறைந்தவர். திரைப்பட இயக்குநர் சுப்பிரமணியம் சிவா நம் காலத்தவர். ஒரு ‘ம்’ வித்தியாசம். வீரரின் இயற்பெயர் சுப்பராமன். அதனால் எதிர்ப்பக்கத் தவறும் வரலாம், சுப்பராமனையும் சிவாவையும் இரண்டு ஆளாக எழுதிவிடுவார்கள். கோபாலபுரத்துக் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்கும் அவர் பெயர்தான். அந்த ஆலை இருப்பது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், அவர் மறைந்தது பென்னாகரம் பக்கத்துப் பாப்பாரப்பட்டி. பிள்ளைகள் இந்த இரண்டு ஊரையும் கட்டாயம் மாற்றி எழுதுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் செய்ய ஒரு வேலை. ஒவ்வொரு பெரியவருக்கும் ஓர் அட்டை கொடுங்கள். முழுப்பெயர், வேறு பெயர்கள், பிறந்த ஊரும் ஆண்டும், மறைந்த ஊரும் ஆண்டும், அவர் செய்த ஒரு முக்கியமான வேலை. ஆண்டு தெரியாத பழங்காலத்தவருக்கு அந்த இடத்தில் அவரைப் பாடியவர் அல்லது அவர் பாடிய மன்னன் பெயர். அட்டையை எழுதியவரே கட்டுரையையும் எழுதக் கூடாது. இன்னொரு பிள்ளை கட்டுரையின் ஒவ்வொரு வரியையும் அட்டையோடு ஒத்துப் பார்க்கட்டும். படத்துக்கும் இதே விதிதான். படத்தின் கீழே பெயர் மட்டும் இருந்தால் அதை ஒட்ட வேண்டாம், ஆண்டோ இடமோ கூட இருந்தால் ஒட்டலாம்.

கடைசியாக அகரவரிசை. ராஜகோபாலாச்சாரி, இராஜகோபாலாச்சாரி, இராசகோபாலாச்சாரி மூன்றும் புழக்கத்தில் உண்டு. ஒருவரே ‘ர’விலும் ‘இ’யிலும் இரண்டு ஆளாக வந்து நிற்பார். தலைப்பெழுத்தைச் சிலர் சி. என்றும் சிலர் ச. என்றும் போடுவார்கள். கையேடு முழுக்க ஒரே வடிவத்தை வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு ‘காண்க’ என்று ஒரு வரி கொடுங்கள். கணினியில் அடிப்பவர்கள் ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துவிடுவதும் நிறைய நடக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு அது வேறு சொல், தேடினால் பாதி ஔவையார் அகப்படமாட்டார். தட்டச்சு செய்யும் பிள்ளையிடம் வேலை தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.