பத்து மாத அட்வான்ஸ் என்றதும் மயங்க வேண்டாம்

வணக்கம். வேளச்சேரி வீட்டுக்கு ஒருவர் பத்து மாத அட்வான்ஸை ரொக்கமாகத் தருகிறாராம், ஆனால் ஆதாரும் வேலை விவரமும் காட்டத் தயங்குகிறார். இன்னொருவர் எல்லாம் காட்டுகிறார், மூன்று மாதம்தான் முடியும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நானாக இருந்தால் இரண்டாமவருக்குத்தான் கொடுப்பேன். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைதான் வரம்பு. இருவரும் ஒப்புக்கொண்டு எழுதினால்தான் அதற்கு மேல். அப்புறம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். பெரிய அட்வான்ஸைச் செலவழித்துவிட்டு அந்த நேரத்தில் கடனுக்கு அலைந்தவன் நான்! விசாரித்து முடிக்கும்வரை, வீட்டைப் பிடித்து வைக்கத் தரும் டோக்கன் பணம்கூட வாங்காதீர்கள். வாங்கினால் வங்கி வழியாக, ரசீதோடு. சாவி கொடுக்கும் முன் சுவர், குழாய், ஃபேன் எல்லாவற்றையும் அவரையும் வைத்துக்கொண்டு போட்டோ எடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவு யாருடையது என்ற சண்டை பாதி குறையும்.