இலை முதலில் எங்கே மஞ்சளாகிறது? வீட்டுச் செடிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அம்மா, வரவேற்பறையில் இருக்கும் மணி பிளான்ட்டுக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் இலைகள் துவண்டு மஞ்சளாகி உதிர்கின்றன. இன்னும் கூடுதலாக ஊற்ற வேண்டுமா?

பதில்: தயவுசெய்து இன்று ஊற்றாதீர்கள். முதலில் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தும் உள்ளே சேறாக இருந்தால், உங்கள் செடி தாகத்தால் வாடவில்லை, மூச்சுத் திணறி வாடுகிறது. வேரும் சுவாசிக்கிறது, அதற்கு வேண்டிய ஆக்சிஜன் மண் துகள்களுக்கு நடுவிலுள்ள காற்று இடைவெளிகள் வழியாகத்தான் வந்து சேர்கிறது. அந்த இடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால், தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு என்பதால், வேர் முனைகள் செத்துப்போகின்றன. செத்த வேரால் நீரை உறிஞ்ச முடியாததால், ஈரத்தில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. வாடலைப் பார்த்து மேலும் ஊற்றுவதால்தான் பெரும்பாலான வீட்டுச் செடிகள் இறக்கின்றன என்பது என் அனுபவம்.

தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரு விரல்களால் பிடித்து இழுத்தால் அதன் மேல்தோல் உறைபோல் கழன்று வந்து, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் நிற்கும். சாக்கடை வாடையும் அடிக்கும். அவற்றை வெட்டிவிட்டு, தென்னை நார்க்கழிவும் ஆற்று மணலும் கலந்த புதுக் கலவையில், அடியில் துளையுள்ள தொட்டியில் நடுங்கள். கணுவோடு ஒரு தண்டைக் கிள்ளித் தண்ணீர்ப் புட்டியிலும் போட்டுவையுங்கள். தாய்ச்செடி தவறினாலும் அது பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: பாம்புக் கற்றாழைக்கும் இதே அளவா?

பதில்: இல்லை, அதற்கு இன்னும் குறைவு. அது இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கிறது; பகல் வெயிலில் மூடிக்கொள்வதால் நீர் இழப்பு மிகக் குறைவு. மண் முழுவதும் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

கேள்வி: பால்கனித் தொட்டியில் உள்ள இட்லிப்பூச் செடியில் துளிர் இலைகள் மட்டும் வெளுத்த மஞ்சளாகவும் நரம்புகள் பச்சையாகவும் உள்ளன. யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போட வேண்டாம். நீங்கள் "துளிர் மட்டும்" என்று கவனித்து எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. யூரியா தரும் தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அவற்றை எடுத்துத் துளிருக்கு அனுப்புகிறது, ஆகவே அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அப்படி எளிதில் நகராது. பழைய இலை பச்சையாகவே இருக்க, புதிய இலை வெளுக்கும். உங்கள் செடியில் குறைவது இரும்பு. அதுவும் பெரும்பாலும் மண்ணில் இல்லாமல் இல்லை. உப்பும் சுண்ணாம்பும் கலந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றுவதால் மண் காரத்தன்மை அடைந்து, இரும்பு கரையாத வடிவத்திற்கு மாறி, வேருக்கு எட்டாமல் கிடக்கிறது. மழை பெய்யும் நாட்களில் வாளி வைத்துப் பிடித்த நீரை இந்தச் செடிக்கென்று ஒதுக்குங்கள். உரக்கடையில் கிடைக்கும் செலேட் வடிவ இரும்பை (எளிதில் கரையாத வடிவத்திற்கு மாறிவிடாதபடி தயாரித்தது), பொட்டலத்தில் குறித்த அளவில், மாலையில் இலைமேல் தெளியுங்கள். அடுத்து வரும் துளிரைப் பார்த்துத்தான் பலனை மதிப்பிட வேண்டும். முன்பே வெளுத்த இலை முழுமையாகத் தேறாமலும் போகலாம்.

கேள்வி: காலையில் என் செடியின் இலை நுனிகளில் நீர்த்துளிகள் தொங்குகின்றன. ஜன்னல் மூடிய அறையில் பனி எப்படி வந்தது? நோயா?

பதில்: பனியுமில்லை, நோயுமில்லை. பெரும்பாலான செடிகளில் இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும்போதும் வேர் நீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், அந்த வேரழுத்தம் இலை விளிம்பிலுள்ள நுண்துளைகள் வழியாக நீரை வெளியே தள்ளுகிறது. தினமும் இப்படி நடந்தால் மண்ணில் ஈரம் மிகுதி என்று கொள்ளலாம்.

கேள்வி: செம்பருத்தியின் தண்டில் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது. வேப்பெண்ணெய் தெளித்தும் போகவில்லை. எறும்பும் ஏறுகிறது.

பதில்: அது மாவுப்பூச்சி. ஒரு கைக்கண்ணாடி வைத்து இலைக்காம்பின் இடுக்கைப் பாருங்கள்: வெள்ளைத் தூளுக்குள் நீள்வட்டமான, ஓரமெங்கும் மெல்லிய இழைகள் நீட்டிய உடல் தெரியும். அந்தத் தூள் மெழுகு; ஆகவே சோப்பு கலக்காத தெளிப்பு அதன்மேல் உருண்டு ஓடிவிடும். பூச்சி கழிக்கும் இனிப்புச் சாற்றுக்காகவே எறும்பு வருகிறது. அதற்குக் கைம்மாறாக மாவுப்பூச்சியின் எதிரிகளையும் விரட்டுகிறது. எனவே தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே கல்மேல் வைத்து எறும்பின் வழியை அடைப்பது முதல் வேலை. பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, முதலில் ஓரிரு இலைகளில் சோதித்துவிட்டு, மாலையில் இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் செய்ய வேண்டும். ஒரே தெளிப்போடு நிறுத்தியதால்தான் உங்களுக்குப் பலனில்லை என்று கருதுகிறேன்.

கேள்வி: செடி ஜன்னல் பக்கமே சாய்ந்து, தண்டு நீண்டு, இலைகள் சிறுத்துப் போகின்றன. உரம் போதவில்லையா?

பதில்: உரமல்ல, வெளிச்சம் போதவில்லை. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனியை மூடிவைத்தபோது அவை ஒளியை நோக்கி வளையவில்லை என்பதை 1880இல் வெளியிட்டார்கள். நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நிழற்பக்கத்தில் கூடுதலாகச் சேர்ந்து அப்பக்கத்துச் செல்களை நீட்டுவதால் தண்டு வளைகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. நம் கண் மங்கலுக்குப் பழகிவிடுவதால் அறை வெளிச்சமாகவே தோன்றும். நண்பகலில் இலைக்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழல் விளிம்போடு விழுந்தால் வெளிச்சம் போதும். கலங்கலாக விழுந்தால் மணி பிளான்ட் போன்றவை தாங்கும். நிழலே விழாவிட்டால் தொட்டியை இன்றே ஜன்னலருகே நகர்த்துங்கள், வாரம் ஒருமுறை கால் வட்டம் திருப்பியும் வையுங்கள்.