காரின் பெயிண்டுக்குப் பூசிய காப்பு எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி: புதுக் காருக்குச் செராமிக் கோட்டிங் (பெயிண்டின் மேல் திரவமாகப் பூசி, கடினமான மெல்லிய படலமாகக் காயும் காப்பு) போட்டபோது ஐந்தாண்டு தாங்கும் என்றார்கள். ஓராண்டிலேயே தண்ணீர் முத்து முத்தாக உருள்வது நின்றுவிட்டது. பூச்சு போய்விட்டதா? (கும்பகோணம்)

பதில்: அப்படி உடனே முடிவு கட்ட வேண்டாம். பூச்சின் மேல் அழுக்கும் உப்பும் மெல்லிய படலமாகப் படிந்துவிட்டால், அடியில் பூச்சு நன்றாக இருந்தாலும் தண்ணீர் உருளாது. காரை நிழலில் நிறுத்தி, அமிலமும் காரமும் இல்லாத கார் ஷாம்பு போட்டுக் கழுவி, பானெட்டில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் உப்புக்கறை நீக்கும் திரவத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். அங்கே மீண்டும் துளி திரண்டால் பூச்சு உயிரோடுதான் இருக்கிறது. வெயில் நேராக விழும் பானெட்டும் கூரையும்தான் முதலில் தேயும் என்பதால், கதவில் மட்டும் சோதித்து நிம்மதி அடைய வேண்டாம். பொதுவாக வாக்ஸ் என்ற மெழுகுப் பூச்சு சில வாரங்களும், பாலிமர் சீலண்ட் என்ற செயற்கைப் பூச்சு நான்கைந்து மாதங்களும், முறையாகப் பராமரித்த செராமிக் இரண்டு மூன்று ஆண்டுகளும் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டையில் அச்சிட்ட ஆண்டுக் கணக்கைவிட, நீங்கள் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: எங்கள் போர்வெல் தண்ணீர் உவர்ப்பு. கழுவியதும் வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. (வேதாரண்யம்)

பதில்: கடலோர டெல்டாவில் பூச்சின் முதல் எதிரி இதுதான். தண்ணீர் ஆவியானதும் அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் உப்பும் புள்ளியாகத் தங்கிவிடுகின்றன. துளி திரண்டு நிற்கும் செராமிக் பரப்பில், ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வட்டக் கறையாகிறது. உவர்நீரில் கழுவ வேண்டியிருந்தாலும், கடைசி அலசலுக்குப் பிடித்து வைத்த மழைநீரையோ குடிநீரையோ ஒரு வாளி ஒதுக்குங்கள்; ஒரு பகுதியை அலசியதும் காயவிடாமல் மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுங்கள். புதுக்கறையை, வெள்ளை வினிகரில் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து துணியில் நனைத்துச் சிறிது நேரம் வைத்து, உடனே அலசி நீக்கலாம். பெயிண்டை அரித்துவிட்ட கறைக்கு பாலிஷ் மட்டுமே வழி. அது பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும்.

கேள்வி: செராமிக் பூச்சுக்கு 9H கடினம் என்கிறார்களே, அப்படியென்றால் கீறல் விழாதா? (தஞ்சாவூர்)

பதில்: விழும். 9H என்பது, எவ்வளவு கடினமான பென்சில் வரை பரப்பைக் கீறாது என்று பார்க்கும் சோதனையின் அளவு. பூச்சின் தடிமனோ ஓரிரு மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). சரளைக்கல் அடியைத் தாங்க 150 மைக்ரானுக்கு மேலுள்ள பாதுகாப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டும்.

கேள்வி: அறுவடைக் காலத்தில் தினமும் தூசி தட்டுகிறேன், பரப்பு மங்குகிறது. (மன்னார்குடி)

பதில்: தட்டுவதால்தான் மங்குகிறது. நெல் உமியில் சிலிக்கா மிகுதி. களத்திலிருந்தும் நெல் காயும் சாலையிலிருந்தும் பறந்து வரும் சுணையை உலர்ந்த துணியால் இழுத்தால், அது உப்புத்தாளாக வேலை செய்யும். முதலில் தண்ணீர் பீய்ச்சி இறக்கிவிட்டு, பிறகே ஷாம்பு நுரையோடு துடையுங்கள்.

கேள்வி: எட்டு வருடக் கார், வெயிலில்தான் நிற்கிறது. செராமிக் போடலாமா? (திருவாரூர்)

பதில்: செலவு செய்ய வேண்டாம். பரப்பை ஒருமுறை பாலிஷ் செய்து, பாலிமர் சீலண்டைப் புரட்டாசியில் மழைக்கு முன்பும், மாசியில் வெயில் ஏறுமுன்பும் நீங்களே பூசினால் போதும். பறவை எச்சத்தை மட்டும் அன்றன்றே நனைத்து எடுத்துவிடுங்கள். அதன் அமிலம் வெயிலில் எந்தப் பூச்சையும் ஊடுருவிவிடும்.