நாலு ரிமோட்டை ஒன்றாக்குவது எப்படி: யுனிவர்சல் ரிமோட் கேள்வி பதில்

டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, ஃபயர் ஸ்டிக்குக்கு ஒன்று என்று டீப்பாய் மேல் நாலு ரிமோட் கிடக்காத வீடு இப்போது குறைவு. பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு எதை எப்போது அழுத்துவது என்று தெரியாமல், டிவி பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். டிவி, ஆடியோ சர்வீஸ் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் வந்த கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சேலம்: சார், 150 ரூபாய்க்கும் யுனிவர்சல் ரிமோட் இருக்கிறது, 1500 ரூபாய்க்கும் இருக்கிறது. எதை வாங்குவது?

விலையைப் பார்க்கும் முன் உங்கள் வீட்டுப் பெட்டிகள் எந்த வழியில் கேட்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலான ரிமோட்கள் ஐஆர், அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. சில ப்ளூடூத். சோதிப்பது சுலபம். ரிமோட்டின் முனையை உள்ளங்கையால் நன்றாக மூடிக்கொண்டு அழுத்துங்கள். அப்போதும் வேலை செய்தால் அது ப்ளூடூத் அல்லது ரேடியோ. செய்யாவிட்டால் ஐஆர். இதை ஒரே ஒரு பட்டனில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே ரிமோட்டில் சில பட்டன் ஐஆரிலும் சில ப்ளூடூத்திலும் போவது உண்டு.

கடையில் கிடைக்கும் சாதாரண யுனிவர்சல் ரிமோட் எல்லாமே ஐஆர்தான். அதில் மூன்று ரகம். ஒரே கம்பெனியின் எல்லா மாடல் டிவிக்கும் பொதுவாக ஓடுவது முதல் ரகம். அட்டையில் பார்த்து நம்பர் போட்டு, அல்லது தானாகத் தேடவிட்டு செட் செய்வது இரண்டாவது. பழைய ரிமோட்டிடமிருந்து சிக்னலைக் கற்றுக்கொள்ளும் 'லேர்னிங்' ரிமோட் மூன்றாவது. டிவி ரிமோட் தொலைந்துபோனது மட்டும்தான் பிரச்சினை என்றால் முதல் ரகமே போதும். ஐஆரில் கேட்கும் பெட்டிகளை ஒன்றாக்க வேண்டுமென்றால் லேர்னிங் ரகம்தான் வாங்க வேண்டும். அதற்குமேல் பணம் போடத் தேவையில்லை என்பது என் கருத்து.

திருநெல்வேலி: அண்ணா, எங்கள் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் மேலே கட்டம் கட்டி 'டிவி' என்று நாலைந்து பட்டன் இருக்கிறது. அழுத்தினால் ஒன்றும் ஆகவில்லை. எதற்கு அது?

உங்களுக்குப் புது ரிமோட்டே வேண்டாம். அந்தக் கட்டம் லேர்னிங் வசதி. பல டிடிஎச், கேபிள் ரிமோட்களில் இது இருந்தும், பாக்ஸ் மாட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பதில்லை.

செய்முறை இதுதான். இரண்டு ரிமோட்டையும் மேஜையில் முனைக்கு முனை நேராக, இரண்டு மூன்று விரற்கடை இடைவெளியில் படுக்க வையுங்கள். ஜன்னல் வெயில் படாத இடமாக இருக்கட்டும். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் 'செட்' பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் சிவப்பு விளக்கு அணையாமல் நிற்கும். 'செட்' பட்டன் இல்லாத மாடலில் அந்தக் கட்டத்திலுள்ள பவர் பட்டனையே அப்படிப் பிடிக்க வேண்டும். பிறகு எந்தப் பட்டனுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமோ அதை ஒருமுறை தட்டுங்கள். விளக்கு மினுக்கும். இப்போது டிவி ரிமோட்டில் அதே வேலைக்கான பட்டனை அழுத்துங்கள். விளக்கு இரண்டு மூன்று முறை சிமிட்டினால் பிடித்துக்கொண்டது என்று பொருள். பவர், வால்யூம் ஏற்ற, இறக்க, மியூட், சோர்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக முடித்துவிட்டு 'செட்' அழுத்தி வெளியே வாருங்கள். மாடலுக்கு மாடல் சின்ன வித்தியாசம் இருக்கும்.

பிடிக்கவில்லை என்றால் முதலில் இரண்டு ரிமோட்டுக்கும் புது பேட்டரி போடுங்கள். அடுத்து இடைவெளியை மாற்றிப் பாருங்கள். ரொம்ப ஒட்டி வைத்தாலும் சில சமயம் ஏற்காது.

கோவை: லேர்னிங் ரிமோட்டில் எல்லா நம்பரும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஆனால் 11-ஆம் சேனல் போட்டால் 1 மட்டும்தான் விழுகிறது. 12, 13 எல்லாம் சரியாக வருகிறது. ரிமோட் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை. பிலிப்ஸ் கொண்டுவந்த ஆர்சி-5 என்ற சிக்னல் முறையில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் 14 பிட், அதாவது 0 அல்லது 1 என்ற 14 இலக்கங்கள், போகும். அதில் ஒரு பிட்டின் வேலை ஒன்றே ஒன்றுதான்: விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தும் ஒவ்வொரு தடவையும் 0, 1, 0, 1 என்று மாறிக்கொண்டே இருப்பது. 'இது அதே அழுத்தல் நீள்கிறதா, புதிதாக அழுத்தியதா' என்று பெட்டி தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். லேர்னிங் ரிமோட்டோ சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. கற்ற நேரத்தில் அந்த பிட் 0 என்றால் எப்போதும் 0 என்றேதான் அனுப்பும். நீங்கள் இரண்டு முறை 1 அழுத்தினாலும், ஒரே 1-ஐ நீளமாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று பெட்டி எடுத்துக்கொள்கிறது. 12-இல் எண்ணே வேறு என்பதால் சிக்கல் இல்லை.

இதற்கு நல்ல தீர்வு, கற்பிக்காமல் கம்பெனி நம்பர் போட்டு செட் செய்வது. அப்போது ரிமோட் அந்த முறையைப் புரிந்துகொண்டு பிட்டை மாற்றி மாற்றி அனுப்பும். அந்த வசதி இல்லையென்றால் 11-க்கு 10 போட்டுவிட்டு சேனல் ஏற்றும் பட்டனை ஒருமுறை தட்டுங்கள்.

இதே ஜாதிப் பிரச்சினை இன்னொன்று: வால்யூம் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் ஒரே ஒரு படிதான் ஏறுகிறது என்பார்கள். பரவலாக இருக்கும் என்இசி என்ற இன்னொரு சிக்னல் முறையில், பிடித்துக்கொண்டே இருந்தால் முழுக் கட்டளைக்குப் பதில் ஒரு குட்டி 'ரிப்பீட்' சிக்னல் போகும். மலிவான ரிமோட்கள் அதைக் கற்றுக்கொள்வதில்லை. அதற்கும் நம்பர் போடுவதுதான் வழி.

மதுரை: ஃபயர் டிவி ஸ்டிக்கை யுனிவர்சல் ரிமோட்டில் சேர்க்க முடியவில்லை. நம்பர் லிஸ்டில் அமேசான் பேரே இல்லை.

ஸ்டிக்கில் ஐஆரை வாங்கும் கண் கிடையாது. டிவிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் அதன் ரிமோட் ப்ளூடூத்தில் பேசுகிறது. எவ்வளவு விலை கொடுத்து ஐஆர் ரிமோட் வாங்கினாலும் ஸ்டிக்குக்குக் கேட்காது. ஆகவே தலைகீழாக யோசியுங்கள். வால்யூம் பட்டன் உள்ள ஃபயர் ரிமோட்டின் முனையில் ஐஆர் விளக்கும் இருக்கிறது. செட்டிங்ஸில் 'எக்யூப்மென்ட் கன்ட்ரோல்' போய் உங்கள் டிவியின் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால், டிவியின் பவரும் வால்யூமும் அந்த ரிமோட்டுக்கே வந்துவிடும். வால்யூம் சவுண்ட்பாரில் ஏற வேண்டுமென்றால் அதையும் அங்கேயே சேர்க்கலாம்.

சென்னை: சிஇசி என்கிறார்களே, அதை ஆன் செய்தால் யுனிவர்சல் ரிமோட்டே வேண்டாமா?

பல வீடுகளில் வேண்டாம்தான். எச்டிஎம்ஐ கேபிளுக்குள் 13-ஆம் பின்னில் ஒரு தனிக் கம்பி இதற்கென்றே ஓடுகிறது. ஒரு பெட்டி மற்றதற்கு 'ஆன் ஆகு', 'வால்யூம் ஏற்று' என்று சொல்ல முடியும். தொல்லை என்னவென்றால் ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். டிவி செட்டிங்ஸில் அந்தப் பெயரைத் தேடி ஆன் செய்யுங்கள். சவுண்ட்பார் கேபிளை, டிவியில் 'ஏஆர்சி' (டிவியின் சத்தத்தை சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ ஓட்டையில்தான் சொருக வேண்டும். வேறு ஓட்டையில் சொருகிவிட்டு சத்தம் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் நிறைய. ஸ்டிக்கின் மெனுவைக்கூட டிவி ரிமோட்டிலேயே நகர்த்தலாம்.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பின் வயரில் மாட்டிய பழைய செட்டாப் பாக்ஸுக்கு இது எதுவும் கிடையாது. அங்கே மேலே சொன்ன லேர்னிங் கட்டம்தான்.

யாழ்ப்பாணம்: அண்ணை, எங்கட வீட்டில ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர் இருக்கு, நல்ல சத்தம். ரிமோட் துலைஞ்சு போச்சு. கற்றுக்குடுக்க ரிமோட் இல்லாமல் என்ன செய்யிறது?

நல்ல ஆம்ப்ளிஃபையரை ரிமோட் இல்லாததற்காகக் கைவிடாதீர்கள். முதலில், ஐஆர் உள்ள ஃபோன் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஷாவ்மி, ரெட்மி, போக்கோ மாடல்கள் பலவற்றில் தலைப்பக்கம் ஐஆர் விளக்கு இருக்கும். ஐஃபோனில் கிடையாது. ஐஆர் உள்ள அந்த ஃபோனின் ரிமோட் ஆப்பில் உங்கள் கம்பெனியின் ஆம்ப்ளிஃபையர் பட்டியலை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒரே கம்பெனி பல வருடங்களுக்கு ஒரே கோடு (code, அதாவது ஒவ்வொரு பட்டனுக்கும் உரிய சிக்னல்) வரிசையைப் பயன்படுத்துவதால், மாடல் எண் பொருந்தாவிட்டாலும் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். ஒன்று பிடித்துவிட்டால், அந்த ஃபோனையே ஆசிரியராக வைத்து ஒரு லேர்னிங் ரிமோட்டுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அதுவும் இல்லையென்றால், லிர்க் என்ற லினக்ஸ் திட்டத்துக்காகப் பலர் சேர்த்துவைத்த ரிமோட் கோடுகளின் தொகுப்பு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. சால்டரிங் தெரிந்த பிள்ளை பக்கத்தில் இருந்தால், ஈஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை போர்டு ஒன்றும் ஐஆர் எல்இடியும் வைத்து அந்தக் கோடுகளை அனுப்பிவிடுவான்.

பெங்களூரு: லாஜிடெக் ஹார்மனி பழையது ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

2021 ஏப்ரலில் ஹார்மனி யுனிவர்சல் ரிமோட் தயாரிப்பை நிறுத்துவதாக லாஜிடெக் அறிவித்துவிட்டது. ஹார்மனியை செட் செய்வதற்கே அவர்களுடைய சர்வரும் ஆப்பும் வேண்டும். அது ஓடும்வரைதான் பயன். 'படம் பார்' என்று ஒரே பட்டனைத் தட்டினால் டிவி, ரிசீவர், பிளேயர் எல்லாம் வரிசையாக ஆன் ஆகி, சரியான இன்புட்டுக்கும் போய்விடும். இன்றைக்கும் அதற்கு ஈடாக ஒன்றை எளிதில் காட்ட முடியவில்லை. ஆனாலும் அதிக விலை கொடுக்க வேண்டாம் என்பேன்.

மற்ற ரிமோட்களில் 'மேக்ரோ' (ஒரே பட்டனில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்புவது) போட்டு அதையே செய்யப் பார்த்தால் ஒரு இடத்தில் மாட்டும். பெரும்பாலான ரிமோட்களின் பவர் பட்டன் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே கோடைத்தான் அனுப்பும். டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மேக்ரோ அதை அணைத்துவிடும். அது தவிர, பல டிவிகளில் ஆனுக்குத் தனி, ஆஃபுக்குத் தனி கோடும் உண்டு. கூட வரும் ரிமோட்டில் அதற்குப் பட்டன்தான் இருக்காது. கோடு தொகுப்புகளில் தேடி அதைப் போட்டால் குழப்பம் வராது.

ஈரோடு: ரிமோட் கீழே விழுந்ததிலிருந்து வேலை செய்யவில்லை. பேட்டரி புதிது. தூக்கிப் போட்டுவிடவா?

பொறுங்கள். ஃபோன் கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதற்குக் காட்டி அழுத்துங்கள். ஊதா நிறத்தில் மினுக்கினால் ரிமோட் ஏதோ அனுப்புகிறது. பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். சில பின் கேமராக்கள் ஐஆரை வடிகட்டிவிடும்.

விழுந்த ரிமோட் செத்துப்போனால் நான் முதலில் பார்ப்பது, சிக்னலின் அதிர்வெண்ணைத் தரும் ரெசொனேட்டரை. பருப்பு அளவில் மஞ்சளாகவோ நீலமாகவோ இரண்டு காலோடு நிற்கும், மேலே பெரும்பாலும் 455 என்று எழுதியிருக்கும். 455 கிலோஹெர்ட்ஸை 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 38 வரும். டிவியின் கண் காத்திருக்கும் 38 கிலோஹெர்ட்ஸ் அதுதான். உள்ளே இருப்பது பீங்கான் வில்லை என்பதால் அடிபட்டால் விரிசல் விடும். சில ரூபாய் பொருள்தான், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் கிடைக்கும். மாற்றிவிடலாம்.

சில பட்டன் மட்டும் அழுத்தி அழுத்தி விழுகிறதென்றால், உள்ளே ரப்பர் ஷீட்டின் கறுப்புக் கார்பன் பொட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு போர்டையும் ரப்பரையும் துடையுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், கார்பன் போய்விட்டால் பட்டனும் போச்சு.

திருச்சி: டிவி ஷோகேஸுக்குக் கதவு போட்ட பிறகு செட்டாப் பாக்ஸ் ரிமோட் எடுக்கவில்லை.

சாதாரணக் கண்ணாடி ஐஆரை விடும், மரம் விடாது. ஐஆர் ரிப்பீட்டர் என்று வயர் ஒன்று கிடைக்கும். அதன் கண்ணை வெளியே ஒட்டி, விளக்கை பாக்ஸ் முன்னால் ஒட்டிவிட்டால் கதவைத் திறக்கவே வேண்டாம்.

புதுச்சேரி: ஏசியையும் இதே லேர்னிங் ரிமோட்டில் சேர்க்கலாமா?

வேண்டாம். ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தலிலும் டெம்பரேச்சர், மோடு, ஃபேன் வேகம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அனுப்புகிறது. நீங்கள் கற்பித்தது '25, கூல்' என்றால் அந்தப் பட்டன் என்றைக்கும் அதைத்தான் அனுப்பும். ஏசிக்கென்று விற்கும் யுனிவர்சல் ரிமோட் அல்லது ஃபோனிலிருந்து வைஃபை வழியாகச் சொன்னதை ஐஆராக அனுப்பும் வைஃபை ஐஆர் ஹப் வாங்குங்கள். ஹப் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், 5-இல் சேராது.

கும்பகோணம்: அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. பகலில் தனியாக இருக்கிறார்கள். ரிமோட்டில் ஐம்பது பட்டன். என்ன செய்யலாம் தம்பி?

பெரிய பட்டன் ஆறோ ஏழோ மட்டும் உள்ள லேர்னிங் ரிமோட் கிடைக்கிறது அக்கா, அதை வாங்குங்கள். பவரில் டிவியின் பவரை மட்டும் கற்பியுங்கள். செட்டாப் பாக்ஸை அணைக்கவே வேண்டாம், எப்போதும் ஓடட்டும். சில வாட் கரண்ட்தான் கூடுதல். இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகவில்லை என்ற குழப்பம் அதோடு தீரும். வால்யூமை டிவியிலிருந்தும், சேனல் ஏற்ற இறக்கத்தை பாக்ஸிலிருந்தும் கற்பியுங்கள். 'சோர்ஸ்' பட்டனைக் கற்பிக்கவே கூடாது. தெரியாமல் பட்டு நீலத் திரை வருவது அதனால்தான். பாக்ஸில் ஃபேவரிட் வசதி இருந்தால் அம்மா பார்க்கும் சேனல்களை மட்டும் அதில் போட்டுவிடுங்கள்.

பவர் பட்டன் மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டுங்கள், விரலுக்குத் தட்டுப்படும். மற்ற ரிமோட்களை பேட்டரி கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். மறுபடி எதையாவது கற்பிக்க அவை தேவைப்படும்.