நிர்வாகத் தரப்பில் வாதாடலாமா?

கேள்வி: மூன்றாண்டுகளாக வழக்குரைஞராகப் பணியாற்றுகிறேன். தொழிலாளர் வழக்குகளில் நிறுவனங்களுக்காக மட்டுமே வாதாடும் ஓர் அலுவலகத்தில் சேர அழைப்பு வந்திருக்கிறது. வாழ்நாள் முழுவதும் தொழிலாளிகளுக்கு எதிராக நிற்கப்போகிறாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நான் சேரலாமா? – ஒரு வாசகி

பதில்: சேரலாம் என்றே சொல்வேன். ஆனால், அங்கே உங்கள் வேலையின் பெரும்பகுதி நீதிமன்றத்தில் நடக்காது என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். ஒருவரைப் பணிநீக்கம் செய்யலாமா, எந்தக் காரணத்துக்காக, அவருக்கு என்ன வாய்ப்புக் கொடுத்த பிறகு என்று ஒரு நிர்வாகி உங்களைக் கேட்கும் நேரத்தில்தான் இந்தத் தொழிலின் நேர்மை சோதிக்கப்படுகிறது. கூடாது என்று நீங்கள் சொல்லி அவர் கேட்டுக்கொண்டால் ஒருவருடைய வேலை தப்பும், நிறுவனமும் ஒரு வழக்கிலிருந்து தப்பும். தொழிலாளியின் வழக்குரைஞரிடம் விஷயம் வரும்போது பெரும்பாலும் வேலை போயிருக்கும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1982-இல் நிறைவேற்றிய 158-ஆம் உடன்படிக்கை, பணியாளரின் திறனையோ நடத்தையையோ நிறுவனத்தின் தேவையையோ சார்ந்த தகுந்த காரணமின்றி அவரை நீக்கக் கூடாது என்கிறது. தொழிற்சங்கத்தில் சேர்ந்ததும், நிறுவனத்தின்மீது புகார் கொடுத்ததும், கருவுற்றதும் அத்தகைய காரணங்கள் ஆகா. எல்லா நாடுகளும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை என்றாலும், நிர்வாகத் தரப்பு வழக்குரைஞர் தம் கட்சிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இதிலேயே அடங்கியிருக்கின்றன.

நிறுவனத்தின் வழக்கைக் கெடுப்பவை பல நேரங்களில் அதன் சொந்த ஆவணங்களே. ஆண்டு மதிப்பீட்டில் ஒருவரைப் பாராட்டி எழுதிவிட்டு, அவர் துன்புறுத்தல் புகார் கொடுத்த சில வாரங்களில் திறமையில்லை என்று நீக்கினால், அதைப் பழிவாங்கல் என்று எதிர்த்தரப்பு வாதிடுவதற்கு வேறு சான்று அதிகம் தேவைப்படாது. ஒரே தவறுக்கு ஒருவரை எச்சரித்து மற்றொருவரை வெளியேற்றியிருந்தாலும் அப்படித்தான். அந்த நிலையில், முன்தேதியிட்டு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தயாரிக்கலாமா என்று கேட்பவரும் உங்களிடம் வருவார். அதற்கு உடன்படாதீர்கள், உள்ள ஆவணம் ஒன்றையும் அழிக்க விடாதீர்கள், வழக்கில் வலுவில்லையென்றால் சமரசம் பேசச் சொல்லுங்கள்.

புகாருக்கு உள்ளான மேலாளர் உங்களிடம் மனம்விட்டுப் பேச வருவார். நீங்கள் நிறுவனத்தின் வழக்குரைஞர், அவருடைய வழக்குரைஞர் அல்லர் என்பதைப் பேச்சுத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பின்னாளில் அவருடைய நலனும் நிறுவனத்தின் நலனும் முரண்படக்கூடும்.

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் உண்மையுண்டு. ஆதாரமற்ற புகாரை எதிர்கொள்ளும் நிறுவனத்துக்கும் நல்ல வழக்குரைஞர் தேவை. ஆனால் இரு தரப்பின் வலிமையும் ஒன்றல்ல. வழக்கு நீள்வதை நிறுவனம் தாங்கும், சம்பளம் இழந்தவரின் குடும்பம் தாங்காது. ஆகவே, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் வாய்தா வாங்கி எதிராளியைச் சோர்வடையச் செய்வதையே இந்தத் துறையின் மிகப் பெரிய தவறாக நான் கருதுகிறேன்.

அழைத்திருக்கும் அலுவலகத்தின் மூத்தவர்களிடம் இதைப் பற்றியே கேளுங்கள்: கட்சிக்காரர் விரும்பாத அறிவுரையை அவர்கள் கடைசியாக எப்போது சொன்னார்கள், அதன் பிறகு என்ன நடந்தது? தயங்காமல் விவரம் சொன்னால் சேருங்கள். அப்படியொரு நிலையே வந்ததில்லை என்றால் வேறு அலுவலகம் தேடுங்கள்.