ஜி, எச் சேர்ந்தால் என்ன ஒலி?

அன்புள்ள ஐயா,

ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலப் பாடம் வாசிக்கும்போது ‘லாஃப்டர்’ என்று சரியாகச் சொன்னாள். அதே வேகத்தில் ‘டாட்டர்’ என்பதை ‘டாஃப்டர்’ என்றாள். திருத்தினேன். “அங்கே ஃப் வருது, இங்கே ஏன் வராது?” என்று கேட்டுவிட்டாள். ஜி, எச் சேர்ந்து வந்தால் எப்படிப் படிப்பது என்பதற்கு விதி ஏதும் உண்டா? விக்கலுக்கான ‘ஹிக்கப்’பின் கடைசியில் இருமலுக்கான ‘காஃப்’பை ஒட்டி ஒரு பழைய புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அதை எப்படி வாசிப்பது?

எஸ்., தர்மபுரி

அன்புள்ள எஸ்.,

லாஃப்டருக்கு முன்னால் ஓர் எஸ் போடச் சொல்லுங்கள். ‘ஸ்லாட்டர்’ ஆகிவிடும், ஃப் போயே போய்விடும். உங்கள் மகளின் கேள்வி நியாயமானது.

விதி பாதிதான் உண்டு. ஐ என்ற எழுத்தை அடுத்து வந்தால் ஒலிக்காது: நைட், லைட், எய்ட். தகராறெல்லாம் யூ-வுக்குப் பின்னால் வரும்போதுதான்.

பழைய ஆங்கிலத்தில் இந்த இடங்களில் தொண்டையை உரசி வரும் ஓர் ஒலி இருந்தது. ‘அஃது’ என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். ஜெர்மன்காரர்கள் இரவை ‘நாஹ்ட்’ என்றும் மகளை ‘டோஹ்டர்’ என்றும் இன்றைக்கும் அந்த உரசலோடுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் தென்பகுதியில் 1600களுக்குள் அது ஓய்ந்துவிட்டது. சில சொற்களில் சுவடே இல்லை. காஃப், ரஃப், டஃப், இனஃப், லாஃப் ஆகியவற்றில் தொண்டையிலிருந்து உதட்டுக்கு வந்து ஃப் ஆகிவிட்டது. வட்டாரத்துக்கு ஒரு உச்சரிப்பு இருந்து, எல்லாம் கலந்து நிலைத்ததால் இதில் ஒழுங்கு தேட முடியாது. எழுத்து மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. (நம் ஆய்தமும் இன்று பெரும்பாலும் ஃப் எழுதத்தான் உதவுகிறது!)

சொல்லின் முதலில் வரும் ஜி-எச்சின் கதையே வேறு. பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’டில் முன்பு எச் கிடையாது. பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் பல வருடம் இருந்த வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைப் போட்டார். ஜி-யோடு எச் சேர்ப்பது அந்தப் பக்கத்து ஃபிளெமிஷ் பழக்கம். அது அவர் அச்சகத்தின் வழியாகத்தான் ஆங்கிலத்தில் நுழைந்தது என்கிறார்கள். வாத்துக்கான ‘கூஸ்’ஸிலும் எச் போட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. பேயை மட்டும் விடவில்லை. அங்கே ஜி-யின் ஒலிதான், எச்சைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

‘டிலைட்’ இன்னும் வேடிக்கை. பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அதில் அந்தத் தொண்டை ஒலி ஒருநாளும் இருந்ததில்லை. ‘லைட்’டைப் பார்த்து யாரோ ஜி-எச்சைச் செருகிவிட்டார்கள்.

ஆகவே, மேலே சொன்ன ஐந்தோடு தொட்டியைக் குறிக்கும் ‘ட்ராஃப்’, காற்றுவீச்சுக்கான ‘ட்ராஃப்ட்’ இரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். பள்ளிப் பாடத்தில் யூ-வுக்குப் பின் ஜி-எச் வரும் மற்றச் சொற்களில் அநேகமாக அது ஒலிக்காது. விக்கல் விஷயம்: இருமலோடு தொடர்பு இருக்கும் என்று தவறாக நினைத்து யாரோ மாற்றிய எழுத்து அது. எப்படி எழுதியிருந்தாலும் ‘ஹிக்கப்’ என்றே வாசிக்கட்டும். எழுதும்போது யூ, பி போட்டு முடித்தால் போதும்.