ஒளியிழைச் சோதனை: மாடியூல் சரியா, மீட்டர் சரியா?

கேள்வி: கடலூர் முதுநகரில் சிறிய அளவில் இணையச் சேவை நடத்துகிறேன். புதுச்சேரியிலிருந்து 25 கி.மீ. ஒளியிழை வழியாக இணைப்பு வருகிறது. இரு முனைகளிலும் 1550 நானோமீட்டரில் இயங்கும் 80 கி.மீ. எஸ்எஃப்பி மாடியூல்கள் (மின்குறிப்பை ஒளியாகவும் ஒளியை மின்குறிப்பாகவும் மாற்றும் செருகு கருவிகள்) உள்ளன. சாலைப் பணிக்குப் பள்ளம் தோண்டியதிலிருந்து இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. வந்துசேரும் ஒளியை மாடியூல் மைனஸ் 21 டிபிஎம் (ஒளித்திறனின் அலகு; மைனஸ் எண் பெரிதாக ஒளி குறைவு) என்றும், பவர் மீட்டர் மைனஸ் 19 என்றும் காட்டுகின்றன. எதை நம்புவது? மாடியூல்களை மேசையில் நேரடியாக இணைத்துச் சோதிக்கலாமா?

— வாசகர், கடலூர்

பதில்: மாடியூல் காட்டும் ஒளியளவு 3 டிபி (ஒளி கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு) வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதற்கான தரநிர்ணயமே அனுமதிப்பதால், இந்த 2 டிபி வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம். 1550 நானோமீட்டரில் கி.மீ.க்கு 0.25 டிபி இழப்பு என்று வைத்தாலும் 25 கி.மீ.க்கு ஏறத்தாழ 6 டிபிதான். இழைத் துண்டுகளை இணைத்த ஒட்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் தாராளமாக 3 டிபி சேர்த்தால் 9 ஆகும். இவ்வகை மாடியூல்கள் பெரும்பாலும் 0 டிபிஎம்முக்குக் குறையாமல் ஒளியை அனுப்புகின்றன என்பதால், ஏறத்தாழ மைனஸ் 9 ஆவது வந்திருக்க வேண்டும். 10 டிபி குறைந்தால் ஒளி பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே எந்தக் கருவியின் கணக்கை எடுத்தாலும் உங்களுக்கு வருவது வரவேண்டியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. மைனஸ் 23 அளவில் பல மாடியூல்கள் கைவிட்டுவிடும். நீங்கள் அந்த விளிம்பில் நிற்கிறீர்கள்.

முதலில் இரு முனைக் கனெக்டர்களையும் துடைத்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். உப்புக்காற்று வீசும் ஊரில் இதற்குச் சோம்பல் படக் கூடாது. அதில் சரியாகாவிட்டால், 1310 நானோமீட்டர், 40 கி.மீ. மாடியூல் இணையை அதே இழையில் பொருத்தி, அனுப்பிய அளவுக்கும் வந்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மீட்டரால் கணக்கிடுங்கள். நல்ல இழையில் 1310-இல்தான் இழப்பு அதிகம், கி.மீ.க்கு ஏறத்தாழ 0.35 டிபி. அதற்கு மாறாக 1550-இல் இழப்பு மிகுந்திருந்தால் இழை எங்கோ மடிந்து நெருக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம், ஏனெனில் வளைவில் நீண்ட அலைநீளமே அதிகம் கசியும். இரண்டிலும் ஒரே அளவு கூடியிருந்தால் மோசமான ஒட்டைச் சந்தேகியுங்கள். பழுது எத்தனையாவது கி.மீ.யில் என்பதை மாடியூல் சொல்லாது. அதற்கு, இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பித் திரும்பிவரும் ஒளியை வைத்துப் பழுதின் தூரத்தைக் காட்டும் ஓடிடிஆர் கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

மேசையில் நேரடியாக இணைக்க வேண்டாம். இவ்வகை மாடியூல்களில் ஒளியை வாங்கும் பகுதியான ஏற்பி பெரும்பாலும் மைனஸ் 3 டிபிஎம்முக்கு மேற்பட்ட ஒளியைத் தாங்குவதில்லை, பழுதாகிவிடவும் கூடும். ஆகவே இடையில் ஒளியைக் குறைக்கும் 10 டிபி அட்டென்யூவேட்டர் பொருத்துங்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஒளி வருகிறதா என்று இழை முனையை உற்றுப் பார்க்கும் பழக்கம் உங்கள் ஊழியர்களிடம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.